தரவைக் குருவி

சோளகம் எழும்பிவிட்டால் வல்லை வெளியில் சைக்கிள் மிதிப்பது பெரும்பாடு. பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நெல்லியடியில் விட்டுவிடும். வைகாசி, ஆனி, ஆடி எல்லாம் இந்தக் கூத்துத்தான். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி அந்த மாதங்களில் வற்றி உள்வாங்கும். கரைச்சேறு முதலில் கறுப்பாகத் தெரியும், பிறகு சாம்பலாகும், பிறகு வெடித்து ஓரம் சுருண்டு மேலே உப்புப் பூக்கும். உப்பு அரசாங்கத்தின் தனிச் சொத்தாக இருந்த காலத்தில் கரணவாய் உப்பளத்துக்கு நல்ல பேர் இருந்ததாம். நடுப்பகலில் அந்தத் தரவையைப் பார்க்கிறவர் அங்கே ஒரு சீவனும் இல்லை என்றுதான் சொல்வார். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, மறைப்புக்கு முழங்கால் உயரத்தில் ஒரு செடி இல்லை. அந்த மாதங்களில், அந்த இடத்தில்தான் அது முட்டையிடுகிறது.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் குஞ்சியப்பு. தபால் கந்தோரில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வெளியில் அலைவார். வீட்டில் அதற்காக அவருக்கு ஏச்சு விழாத நாள் குறைவு. என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போய் வல்லைப் பாலத்துக்கு இங்காலே தரவையில் இறக்கிவிட்டார். கொஞ்சத் தூரம் நடந்திருப்போம்.

“பிள்ளை, நில். காலைத் தூக்காதை.”

நான் பாம்பாக்கும் என்று விறைத்துப் போனேன்.

“பாம்பில்லை. குனிஞ்சு பார்.”

“ஒண்டும் இல்லையே, குஞ்சியப்பு.”

“இல்லாத மாதிரித்தான் இருக்கும். வடிவாப் பார்.”

பார்த்துக்கொண்டே இருக்க, வெறும் மண்ணில் இருந்து மூன்று முட்டைகள் வெளியே வந்தன. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவை அங்கேதான் இருந்தன, என் செருப்பு நுனிக்கு ஒரு முழத்துக்குள். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம் அளவில் ஒரு சின்னக் குழி. அதற்குள் சிப்பித் துண்டுகள், உப்புப் பொருக்கு, காய்ந்த உமரிக் குச்சிகள். முட்டைகளின் கூர்முனை கீழே, பாதிக்கு மேல் மண்ணுக்குள். வெளியே தெரிந்த பாதியில் மங்கல் மஞ்சள் நிறம், அதன் மேல் சிலேட்டில் எழுதிப் பழகும் பிள்ளை கிறுக்கினது போலக் கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும். ஒரு முட்டையின் கோடு மற்றதில் இல்லை. கண்ணை எடுத்துப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் தேடத்தான் வேண்டியிருந்தது.

குருவி பெரியதல்ல. அலகு நுனியில் இருந்து வால் நுனி வரை ஒரு சாண் வராது. முதுகு காய்ந்த மணலின் நிறம், வயிறு வெள்ளை. கழுத்தைச் சுற்றி வரப் பார்த்து, முடிக்காமல், மார்பின் இரண்டு பக்கமும் துண்டாக நின்றுவிட்ட ஒரு பட்டி. கால் கறுப்பு. விரல் மூன்றும் முன்னுக்கு, பின்விரல் கிடையாது. ஓடுகிறதற்கென்றே அமைந்த கால். ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, திரும்பவும் ஓடும். உள்ளான்கள் சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவித் தின்பவை. இது கண்ணால் பார்த்துத் தின்பது, அதனால்தான் தலைக்குப் பொருந்தாத பெரிய கண். நிலவு இல்லாத இரவிலும் இரை எடுக்கும். எங்கள் வீட்டில் அதைக் கடற்கரைக் குருவி என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டுப் பறவைப் புத்தகங்களில் இந்தக் கூட்டத்துக்கு உப்புக்கொத்தி என்று பேர் போட்டிருப்பதை நான் படித்தது ரீச்சராகிப் பல காலம் கழித்து.

அன்றைக்குத் தாய்ப்பறவை எங்களுக்கு முன்னால் ஒரு நாடகம் ஆடியது. தாயோ தகப்பனோ, அப்போது எனக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பக்கச் செட்டையைத் தொங்கவிட்டு, வாலை விரித்து, மண்ணில் உரசிக்கொண்டு போனது. நான் பின்னால் ஓடினேன். எட்டிப் பிடிக்கப் போகும் நேரம் சரியாக ஒரு பாகம் முன்னுக்குப் போய் விழும். வெகுதூரம் கூட்டிக்கொண்டு போன பிறகு கீச்சென்று ஒரு சத்தம் வைத்து எழும்பிப் பறந்தது, இரண்டு செட்டையும் நல்ல சுகமாக. குஞ்சியப்பு அங்கே சிரித்துக்கொண்டு நின்றார். நாய்க்கும் கீரிக்கும் போடும் நாடகத்தை எனக்கும் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்தக் குடும்பத்தில் நாடகமும் ஆர்ப்பாட்டமும் சேர்ந்தது என்றால் ஆட்காட்டி. அதுவும் நிலத்தில் முட்டையிடுகிற சாதிதான், உப்புக்கொத்திக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் குணம் நேரெதிர். ஆள் அரைக் கட்டைக்கு அப்பால் வரும்போதே ஊரைக் கூட்டும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். வயல் வரம்புகளில் இரவு இரண்டு மணிக்கு அது கத்தினால், யாரோ வருகிறார்கள் என்று ஆச்சி விளக்கைத் தூண்டுவா. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அதை ஆக்காண்டி என்பார்கள். அங்கே அதன்மேல் நாட்டார் பாடலே இருக்கிறது. அந்தப் பாடலை எடுத்துக்கொண்டு சண்முகம் சிவலிங்கம் ‘ஆக்காண்டி’ என்று ஒரு கவிதையும் எழுதினார், கவியரங்கு கேட்ட தலைமுறைக்கு அது மனப்பாடம். கத்துகிறதுக்குப் பாட்டுக் கிடைக்கிறது. வாயை மூடிக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடக்கிறதை யார் பாடுவது?

அந்தப் படுக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நானும் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னேன், பாடப்புத்தகமும் அதைத்தான் சொன்னது. வல்லை வெளியின் மத்தியான வெயிலில் கதை வேறு. அங்கே முட்டைக்குத் தேவை நிழல். குருவி முட்டைமேல் முழுதாகக் குந்தாமல், கால்களை நிமிர்த்தி, செட்டையைக் கொஞ்சம் அகட்டி, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்கும். சூடு தாங்கவில்லை என்றால் தண்ணீர்க் கரைக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரமாக்கும். உலகத்தின் பல சூடான கரைகளில் இந்தப் பழக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இதன் நெருங்கிய இனத்தை, சவூதி அரேபியாவுக்குச் சொந்தமான செங்கடலின் பரசான் தீவுகளில் ஆராய்ந்தவர்கள், வெயில் உச்சிக்கு ஏற ஏற ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூட்டுக்கு வருவதைக் கண்டார்கள். ஒன்றால் மட்டும் அந்த வெயிலில் முட்டையைக் காப்பாற்ற முடியாது. சாதாரணமாகப் பகலில் பெரும்பாலும் பெண், இரவில் ஆண். ஆணின் நெற்றியிலும் மார்பிலும் கறுப்பு அதிகம், பகலில் கண்ணில் படும். அதனால் இந்தப் பங்கீடு என்று சொல்வார்கள். சரியாகத்தான் இருக்க வேண்டும்.

எழும்பிப் போகும்போதும் அது சும்மா போவதில்லை. போகிற போக்கில் சிப்பித் துண்டையும் மண்ணையும் அலகால் எடுத்துப் பின்னுக்கு எறிந்துகொண்டே போகும். முட்டை இன்னும் கொஞ்சம் மூடுபடும். கூடு முதல்நாளில் வெறும் குழி. ஆண்தான் நெஞ்சை மண்ணில் அழுத்திச் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும், ஒன்றல்ல, பல. பெண் வந்து ஒன்றைத் தெரிவு செய்யும். மற்றவை அப்படியே கிடந்து காற்றில் மூடுண்டு போகும். முட்டையிட்ட பிறகு நாளுக்கு நாள் சிப்பி சேர்ந்து சேர்ந்து, பொரிக்கும் காலத்தில் கூடு ஓரளவுக்குக் கூடு என்ற தோற்றத்துக்கு வந்திருக்கும். இருபத்தைந்து நாள் கிட்டத்தட்ட. பொரித்தவுடன் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெகுதூரத்தில் போடும், ஓட்டின் உள்வெள்ளை காகத்துக்குத் தெரிந்துவிடும் என்று. குஞ்சு காய்ந்து சில மணித்தியாலத்தில் ஓடத் தொடங்கிவிடும். தாய் ஊட்டுவதில்லை. தானே பொறுக்கித் தின்ன வேண்டும். ஒரு சின்னச் சத்தம் வைத்தால் இருந்த இடத்தில் தட்டையாகப் படுத்துவிடும். மறுசத்தம் வரும்வரை அசையாது. பறக்க இன்னும் ஒரு மாதம்.

1987இல் அந்தச் சத்தம் எவருக்கும் கேட்டிருக்காது. வைகாசியில் தொடங்கிய வடமராட்சி நடவடிக்கையின்போது நாங்கள் கோயிலுக்குள் இருந்தோம், ஊரே கோயில்களுக்குள் இருந்தது. ஷெல் சத்தத்தின் இடைவெளியில் ஒரு பாட்டியம்மா தன் ஆட்டுக்குட்டிகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தா. எனக்கு அப்போது குருவி நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். மண் தரையில் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒன்றுமே நினைவில்லை. மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தது பிறகு, பல வருசம் பிறகு. முட்டைகள் வெளியில் இருந்த மாதம் அது.

குருவியை நான் ஆற அமரப் பார்த்தது அதற்குப் பிந்திய காலத்தில்தான். வல்லையில் பஸ்ஸில் இருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டிய காலம். வரிசை ஊரும். முன்னால் பார்த்தால் துவக்கு, பின்னால் பார்த்தால் பயந்த முகம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வசதி. முள்ளுக்கம்பிக்கு அங்காலே தரவை. மாடு போக முடியாது, மனிதர் போக முடியாது. உப்புக்கொத்தி அங்கே தாராளமாக ஓடித் திரிந்தது. ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்கப் பழகினது அந்த வரிசையில் நின்றுதான். மனிதர் கால் வைக்க முடியாத நிலம் அதற்கு நல்லதாகப் போனதோ என்று ஒரு நினைப்பு வரும். வந்தவுடன் அந்த நினைப்பின் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கும். அந்த நிலங்களில் மிதிவெடியும் இருந்தது. காலை இழந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

குடும்ப விசயத்தில் இந்தக் குருவியின் உறவுக்காரர்கள் கொஞ்சம் வில்லங்கமானவர்கள். ஹங்கேரியைச் சேர்ந்த டமாஸ் செக்கெலி, துருக்கியின் தூஸ்லா உப்பேரிக் கரையில் கெண்டிஷ் உப்புக்கொத்திகளின் காலில் நிற வளையம் போட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். குஞ்சு பொரித்துச் சில நாளில் பெண் அநேகமாகக் கிளம்பிவிடும். வேறொரு ஆணுடன் சேர்ந்து அதே பருவத்தில் இன்னொரு கூடு வைக்கும். குஞ்சுகளை நடத்திக்கொண்டு திரிவது தகப்பன். அங்கே பெண்ணை விட ஆண் தொகை கூட, அதனால் பெண்ணுக்கு அடுத்த துணை தேடுவது பெரிய வேலை இல்லை. இதை நான் பத்தாம் வகுப்பில் சொன்னபோது பெண்பிள்ளைகள் பக்கம் இருந்து வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். செட்டையைத் தொங்கவிட்டு என்னை அலைக்கழித்தது தகப்பனாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குஞ்சியப்புவிடம் சொல்லியிருந்தால் நல்லாய்ச் சிரித்திருப்பார். அவருக்கும் கலியாணம் இல்லை, அண்ணன் தம்பி பிள்ளைகளைத் தூக்கித் திரிந்ததுதான் வாழ்க்கை.

கெண்டிஷ் என்றேனே. இங்கிலாந்தின் கெண்ட் மாகாணத்தில் சுட்ட பறவையை வைத்து ஆங்கிலத்தில் வந்த பேர் அது. 1758இல் லின்னேயஸ் எகிப்தை நினைத்து அலெக்சாந்திரினஸ் என்று வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் கெண்ட் கரையில் இன்றைக்கு அது கூடு வைப்பதில்லை, இங்கிலாந்தையே விட்டுப் போய்விட்டது. எங்கள் கரைக் குருவிக்கு எதற்கு அந்தப் பேர்? 1915இல் ஏர்ன்ஸ்ட் ஹார்ட்டெர்ட், அனி ஜாக்சன் என்ற இருவர் இலங்கைப் பறவை கொஞ்சம் வேறு என்று கண்டு, சீபோமி என்று தனிப் பேர் கொடுத்தார்கள். ஹென்றி சீபோம் ஷெஃபீல்டில் உருக்கு வியாபாரி. சம்பாதித்த காசில் சைபீரியாவின் யெனிசெய் ஆறு வரை போய்ப் பறவை பார்த்தவர், 1887இல் உலகத்து உப்புக்கொத்திக் குடும்பம் முழுவதற்கும் ஒரு பெரிய புத்தகம் போட்டவர். பிறகு 1930களில் அந்தத் தனிப் பேரையும் பிடுங்கி, இதுவும் கெண்டிஷ்தான், அதில் ஒரு சின்ன வகை என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கு 86 வருசம் நின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஜூட் ஜனித் நிரோஷன், சம்பத் செனவிரத்ன ஆகியோரும், செக்கெலியும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து அலெக்ஸ் பொண்டும், சீனாவில் உள்ள ஆய்வாளர்களும் சேர்ந்து மரபணுவையும் உடல் அளவையும் எடுத்துப் பார்த்து, 2023இல் ‘ஐபிஸ்’ ஆய்விதழில் எழுதினார்கள்: இது தனி இனம். வலசை வருகிற கெண்டிஷ் உப்புக்கொத்தியும் குளிர்காலத்தில் மன்னார்ப் பக்கம் வந்து சேரும், இரண்டையும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். வருகிறது பெரிது. இங்கே இருக்கிறது சின்னது, காலின் கறுப்பு வேறு, முகத்தின் வெள்ளை வேறு. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் மட்டுமே குடியிருப்பது. ராமேஸ்வரத்திலும் மன்னாரிலும் எங்கள் தரவையிலும் ஒரே குருவி. பாலம் கட்டிய கதையை நினைத்து அதற்கு அனுமன் பேரை வைத்தார்கள். இப்போது உலகப் பட்டியல்களில் ஹனுமான் உப்புக்கொத்தி என்று இருக்கிறது. மருதனார்மடத்தில் வானத்துக்கு உயர்ந்து நிற்கிற ஆஞ்சநேயரைத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற இதற்கு அந்தப் பேர் என்றால் சிரிப்பு வரும். மூர்த்தி சிறிது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அந்த 86 வருசம் சும்மா போகவில்லை. ஐரோப்பாவில் இருந்து சீனா வரை பரந்து கிடக்கிற ஒரு பறவையின் பேரில் இது கிடந்தது. அவ்வளவு பரந்து கிடக்கிறதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? தனிக் கணக்கு எடுக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இலங்கையில் 1937இன் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தால் வேட்டைக்காரனைப் பிடிக்கலாம். மாட்டுக் குளம்பையும் மோட்டார் சைக்கிள் ரயரையும் எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

ஐப்பசியில் மழை விழுந்தால் தரவை முழுக்கத் தண்ணீர். அப்போது வாடைக்காற்றோடு மத்திய ஆசியாவின் மேட்டு நிலங்களில் இருந்து மணல் உப்புக்கொத்திகள் வந்து இறங்கும், ஆயிரக்கணக்கில். பறவை பார்க்கிறவர்களும் அப்போதுதான் சுண்டிக்குளத்துக்கும் மண்டைதீவுக்கும் வருகிறார்கள், பெரிய கமெராக்களோடு. எங்கள் குருவி அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ நிற்கும். பங்குனியில் வந்தவை போய்விடும், பார்க்க வந்தவர்களும் போய்விடுவார்கள். பிறகு வெயில் ஏறும். அது குழி பறிக்கும். அதற்குப் பார்வையாளர் இல்லாத பருவம்தான் பிள்ளைப்பேற்றுப் பருவம். புரட்டாதிப் பௌர்ணமியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தத்துக்குக் கற்கோவளம் கரைக்கு எழுந்தருளும்போது அந்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. சனம், கச்சான் கடை, ஐஸ்கிறீம் வான். நல்லகாலம், அதற்குள் கடைசிக் குஞ்சும் பறந்திருக்கும். 2004 மார்கழியில் கடல் வந்தபோதும் அது கூடு வைக்கிற காலமில்லை. மணற்காடு, வடமராட்சி கிழக்குக் கரையெல்லாம் மனிதர் குடி அழிந்தது. அடுத்த கோடையில் அழிந்த வீடுகளின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில், ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில், முட்டை இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

மணற்காட்டுக்கு இப்போது போனால் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயிலைப் பார்க்கலாம், சவுக்குக் காட்டைப் பார்க்கலாம். சவுக்கு காற்றைத் தடுக்கும், கடலைத் தடுக்கும் என்று நட்டார்கள். மனிதருக்கு அது தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலத்தில் கூடு வைக்கிற குருவிக்கு மரம் என்றால் எதிரி. மேலே இருந்து காகம் பார்த்துக்கொண்டிருக்கும், கீழே கீரி பதுங்கியிருக்கும். இராவணன்மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்த திறந்த மணல்தான் அதற்கு வேண்டும். அந்த மணலைத்தான் டிப்பரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கருவாடு காயப்போடுகிற வாடிகளைச் சுற்றிக் காகம் பெருகிவிட்டது. கட்டாக்காலி நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வல்லையின் கதை இன்னும் சிக்கல். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று திட்டம் போட்டார். ஆனையிறவு நீரேரித் தண்ணீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலை மறித்து, நீரேரிகளை நன்னீராக்குவது. முழுதாக நடக்கவில்லை. நடந்திருந்தால் உவர்த் தரவையின் கோலமே மாறியிருக்கும், குருவி எங்கே போயிருக்குமோ. ஆனால் கிணற்றுத் தண்ணீர் வருசத்துக்கு வருசம் உவர்த்துப் போகிற ஊரில் குடியிருந்துகொண்டு, நன்னீர் வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது? சமைக்கத் தண்ணீருக்கு பவுசர் பார்த்து நிற்கிற பெண்களுக்கு முன்னால் போய் முட்டைக் கதை சொன்னால் வாளியால் அடிப்பார்கள். அடித்தால் நியாயம்தான்.

கலிபோர்னியாவில் கோல் ஒயில் பொயின்ற் என்ற கடற்கரையில் இதன் இன்னொரு சொந்தக்காரன் பல பத்தாண்டுகளாகக் கூடு வைக்காமல் விட்டிருந்தது. 2001இல் கரையின் ஒரு துண்டைக் கயிறு கட்டி மறித்து, தொண்டர்களை நிறுத்தி, நாய்களைக் கட்டிப்போடச் சொன்னார்கள். குருவி திரும்பி வந்து கூடு வைத்தது. கயிறும் கொஞ்சம் ஆட்களும்தான் செலவு. அங்கே கடற்கரை பொழுதுபோக்குக்கு. இங்கே கடற்கரை வயிற்றுப்பாடு. அதனால் நான் கயிற்றோடு போகவில்லை, கரைவலை முதலாளியான சம்மாட்டியைத் தேடிப் போனேன்.

வடமராட்சி கிழக்கில் கரைவலைக் காலமும் குருவியின் முட்டைக் காலமும் ஒன்றுதான். சோளகம் மேற்குக் கடலைக் குழப்பும்போது கிழக்குக் கரை ஆறுதலாகக் கிடக்கும். முன்னே ஆட்கள் கூடி இழுத்த வலையை இப்போது பல இடத்தில் உழவு இயந்திரம் பூட்டி இழுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று கரையில் பெரிய சண்டையே இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. இயந்திரம் வந்து போகிற பாதை மட்டும்தான் என் பிரச்சினை. அடம்பன் கொடி தொடங்குகிற மேட்டால், முட்டைகளுக்கு நடுவால், ரயர்த் தடம் போயிருந்தது. சம்மாட்டி என்னிடம் படித்த பெடியன். சூடை கொட்டிக் கிடந்த படங்குக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

“தம்பி, உந்த மேட்டாலை மெசினைக் கொண்டு போகாதேங்கோ. கீழாலை, ஈர மண்ணாலை போகேலாதோ?”

“ஈரத்திலை ரயர் புதையும், ரீச்சர். போன கிழமை புதைஞ்சு ரண்டு மணித்தியாலம் இழுத்தனாங்கள்.”

“அப்ப மேட்டுக்கு அங்காலை, பழைய வாடிப் பக்கத்தாலை?”

அவன் திரும்பிப் பார்த்தான். கணக்குப் போடுகிற முகம்.

“சுத்துத்தான். டீசல் கூடும். எத்தினை நாளைக்கு?”

“முட்டை பொரிக்க இருபத்தைஞ்சு நாள். குஞ்சு பறக்க ஒரு மாசம்.”

“ரண்டு மாசமோ! ஒரு குருவிக்கோ ரீச்சர்?”

“நாலைஞ்சு சோடி இருக்கு.”

பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒருவர், கொடி குத்தி அடையாளம் வைப்போமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கொடியைக் கண்டால் சின்னப் பெடியள் வந்து நிற்பார்கள், கூடு எங்கே என்று காகம் கண்டுபிடித்துவிடும். பாதையின் ஓரத்தில், கூட்டுக்கு வெகு தள்ளி, இரண்டு தடி ஊன்றி அறுந்த வலைத்துண்டைக் கட்டினால் போதும், மெசின் ஓட்டுகிறவருக்கு எல்லை தெரிந்தால் சரி. நாயை என்ன செய்வது என்று கேட்டேன். வாடியில் நிற்கிற நாய் தன்னுடையது என்றும், அதைக் கட்டிப் போடலாம் என்றும், மற்ற வாடிகளுக்குத் தான் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னான்.

“ஆனா ரீச்சர், ஆவணி பிறந்தா எனக்கு இந்தப் பாதை வேணும். பேந்து வந்து குருவி எண்டு நிக்கக் கூடாது.”

“ஆவணியிலை நானே வந்து தடியைப் பிடுங்கித் தாறன்.”

“சரி, அப்ப பாப்பம்” என்றான். படங்கில் இருந்து ஒரு பை சூடையை அள்ளி என் கூடைக்குள் போட்டான், காசு வாங்கவில்லை. போகும்போது மெசின்காரரைக் கூப்பிட்டு, “அண்ணை, நாளையிலை இருந்து வாடிப் பக்கத்தாலை” என்றான். அவர் டீசலைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.